ஒலிபெருக்கியில் வந்த பெயர்

பீல் நகரில் எங்கள் தமிழ்க் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை கிடந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்த மேசையில் விரிக்கப்படும் கொப்பிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை நேரம் குறிக்கக் கொடுத்த கட்டம் போட்ட கொப்பி. அதில் வேலை நேரம் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை. சுவிஸ் முழுவதும் சிதறிக் கிடந்த எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்களில் யார் யார் பந்தடிப்பார்கள், வலக்காலா இடக்காலா, முழங்கால் எப்படி, சனிக்கிழமை ஷிப்ட் உண்டா, மனைவி விடுவாளா என்பதெல்லாம் பென்சிலால் நுணுக்கி எழுதப்பட்டிருக்கும். கொப்பியின் சொந்தக்காரரை நாங்கள் ‘செலக்டர் அண்ணை’ என்று கூப்பிட்டோம். பாதி மரியாதை, பாதி நக்கல். அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரு பந்தையும் நேராக உதைத்தவரில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். ஒவ்வொரு கல்லூரிக்கும் சுவிஸில் ஒரு பழைய மாணவர் சங்கம், சங்கத்துக்கு ஓர் உதைபந்தாட்ட அணி, கோடையில் ஒருநாள் சுற்றுப்போட்டி. விதி ஒன்றுதான்: அந்தக் கல்லூரியில் ஒரு வருடமாவது படித்திருக்க வேண்டும். போட்டி ஒருநாள், யாரைப் பிடிப்பது என்ற கதையோ மாரிகாலம் முழுவதும் நடக்கும். பந்தை எடுத்துக் கொடுப்பவன் பெரிதா, அதை வாங்கிக்கொண்டு ஓடுபவன் பெரிதா என்று அரிசி மூட்டையில் குந்தியிருந்து மணிக்கணக்காக அடிபடுவார்கள். சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளரான செலக்டர் அண்ணை எல்லோரையும் கத்தவிட்டுக் கடைசியில் தீர்ப்புச் சொல்வார். “ஓடுறவனை எங்கையும் பிடிக்கலாம். அவன் எங்கை ஓடப்போறான் எண்டு முதலே தெரிஞ்சு பந்தை அங்கை போடுறவன் வேணும். அவன் இல்லாட்டி மற்றவன் சும்மா காத்து வாங்கத்தான் ஓடுறான்.” சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். எங்கள் அணியில் பந்தைப் போடுகிறவன் நான். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதையும் ஏன் மறைக்க வேண்டும்?

அவர் ஆள் பிடிக்கும் விதமே தனி. பந்தடிக்கிறவனிடம் நேரே போகமாட்டார். அவன் வீட்டில் அடுப்பெரிகிற குசினிக்குப் போவார். ரெனான் என்ற ஊரில் ஒரு பெடியன் இருந்தான். மைதான ஓரமாக விங்கில் ஓடினால் பின்னால் வருகிறவன் அவன் முதுகைக்கூடக் காணமாட்டான். தாய்க்கு அவனைப் பந்துக்கு விட விருப்பமில்லை. அண்ணை ரயிலேறி மூன்று தரம் போனார். முதல் தரம் பந்து என்ற சொல்லே எடுக்கவில்லை. தாயின் மீன்குழம்பைப் புகழ்ந்துவிட்டு வந்தார். இரண்டாம் தரம் அவர்களுக்கு வந்த பிரெஞ்சுக் கடிதமொன்றுக்குப் பதில் எழுத ஆள் பிடித்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் அந்த அம்மாவே, “தம்பி, இவனை உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்லிவிட்டாராம். “பொம்பிளை பாக்கப் போறவனும் இவ்வளவு நடக்கமாட்டான்” என்று நாங்கள் சிரித்தோம். அவர் கொப்பியில் ஒரு சரி போட்டார்.

இனி என் கதை. நான் சுவிஸுக்கு வந்தது என் பெயரில் இல்லை. என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணனுக்குத்தான் கொழும்பில் பாஸ்போர்ட் எடுத்து எல்லாம் ஆயத்தம் செய்தார்கள். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கக் காய்ச்சல் வந்து அவன் செத்துப்போனான். கட்டிய காசு போகக்கூடாது, ஒரு பிள்ளையாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஐயா அந்தப் பாஸ்போர்ட்டை என் கையில் தந்தார். எனக்கும் அவனுக்கும் முகம் ஒரே வார்ப்பு. அன்றிலிருந்து அகதி மனுவில், வதிவிடப் பெர்மிட்டில், நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சம்பளத் துண்டில், என் கல்யாணப் பத்திரத்தில்கூட நான் என் அண்ணன். செத்த அண்ணனின் பெயரைச் சொல்லி ஆட்கள் கூப்பிட, நான் திரும்பிப் பார்த்தேன். முதல் வருடம் ஒவ்வொரு முறையும் நெஞ்சு இடித்தது. பிறகு பழகிவிட்டது.

செலக்டர் அண்ணை கல்லூரியில் என் அண்ணனோடு ஒரே வகுப்பில் இருந்தவர். பீல் ரயில் நிலையத்தில் முதன்முதலாக என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, காதுக்குள், “நீ தம்பியெல்லோ?” என்றார். முழுவதையும் அவரிடம் சொல்லி அழுதேன். “பயப்படாதை. இது என்ரை நெஞ்சுக்குள்ளை கிடக்கட்டும். என்ரை பிள்ளையளாணை ஒருத்தருக்கும் சொல்லன்” என்றார். சொல்லவுமில்லை. கடையில், மைதானத்தில், எல்லோர் முன்னாலும் அண்ணனின் பெயரால்தான் என்னைக் கூப்பிட்டார். பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் இருவரும் தனியே நிற்கும்போது மட்டும் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த நாட்டில் என் பெயர் தெரிந்த ஒரே மனிதர் அவர். அதற்காகவே அவர் எந்த மைதானத்துக்குக் கூப்பிட்டாலும் போனேன். மழை, வெயில், முழங்கால் வீக்கம் ஒன்றும் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் என் மனைவி திருச்சியில் தன் சின்னம்மா வீட்டில் இருந்தாள். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. அவளைச் சுவிஸுக்குக் கூப்பிடும் மனு குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. பிள்ளை பிறக்க முன்னமே வந்துவிடலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். மூச்சு விடாமல் இருக்க வேண்டிய காலம். நான் அதையும் செலக்டர் அண்ணையிடம் சொல்லியிருந்தேன். சொல்லாத விசயம் ஒன்றுமே இருக்கவில்லை.

போட்டியன்று அரையிறுதியில் நான் ஆறு பந்து போட்டேன். ரெனான் பெடியன் அதில் மூன்றை கோலாக்கினான். கயிற்றோரம் நின்ற சனம் கூத்தாடியது. லண்டனிலிருந்து விருந்தினராக வந்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்ட பெயரைக் கேட்டு, என் முகத்தை உற்றுப் பார்த்து, “இவன் அவனில்லையே, நான் அவனோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சனான்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் இறுதியாட்டத்தில் எங்களோடு மோத இருந்த கல்லூரியின் ஆள். பத்து நிமிடத்தில் போட்டிக் குழுவுக்குப் புரட்டெஸ்ட் என்று எதிர்ப்பு மனு போய்விட்டது. இன்னாரின் பெயரில் வேறொருவர் ஆடுகிறார், அரை மணிக்குள் விளக்கம் தராவிட்டால் அணியே நீக்கப்படும் என்று போட்டிக் குழு அறிவித்தது.

நான் செலக்டர் அண்ணையைக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். “அண்ணை, நான் இனி விளையாட இறங்கேல்லை. அவசரமா வீட்டை போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. அணியை விலக்கினா விலக்கட்டும். அவள் வரவேணும் அண்ணை, வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.” அவர் என் தோளைப் பிடித்தார். “ஓம், ஓம். நீ கவலைப்படாதை. நான் பாக்கிறன்” என்றார். அந்த ‘நான் பாக்கிறன்’ என்ற சொல்லை நம்பி ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு புல்லில் இருந்தேன். நான் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

அறிவிப்பாளர் நல்ல குரல்வளம் உள்ளவர். கோயில் திருவிழாவுக்கும் அவரைத்தான் பிடிப்பார்கள். நிறுத்தி, அழுத்தி, தெளிவாக வாசித்தார்: குறித்த வீரர் தன் காலஞ்சென்ற தமையனாரின் பெயரில் இந்நாட்டில் வசித்து வருபவர், அவருடைய உண்மைப் பெயர் இன்னது, அவரும் அதே கல்லூரியில் இன்ன வகுப்பிலிருந்து இன்ன வகுப்புவரை கல்வி கற்றவர், இதைச் சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையொப்பமிட்டு உறுதிப்படுத்தியுள்ளார், ஆகவே எதிர்ப்பு நிராகரிக்கப்படுகிறது. எங்கள் பக்கம் கைதட்டல் வானைப் பிளந்தது. என் பெயர். பத்து வருடமாக ஒருவரும் உரத்துச் சொல்லாத என் பெயர், அறுநூறு எழுநூறு சனத்துக்கு முன்னால். செலக்டர் அண்ணை கூடாரத்திலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வெண்டிட்டம் தம்பி! இறங்கு, இறங்கு!”

அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இரண்டுக்கு ஒன்றில் கோப்பை எங்களுக்கு வந்தது.

கார்த்திகையில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. போனபோது அதிகாரி மேசைக்குக் குறுக்கே ஒரு தாளைத் தள்ளினார். எங்கள் சங்கத்தின் கடிதத் தாள், சங்கத்தின் முத்திரை, செலக்டர் அண்ணையின் நுணுக்கிய எழுத்து. போட்டிக் குழுவின் கோப்பில் கிடந்ததை யாரோ பிரதியெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. எழுதியவர் யார் என்று தெரியுமே, அது போதாதா? கடிதத்தைப் பார்த்து நான் நினைத்தது ஒன்றுதான்: என் பெயரை எவ்வளவு பிழையில்லாமல், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார், பாவி.

விசாரணை மூன்று வருடம் இழுபட்டது. பயணப் பத்திரத்தை வாங்கி வைத்துவிட்டார்கள்; திருச்சிக்குப் போகவும் முடியாது, அவளைக் கூப்பிடவும் முடியாது. மகள் பிறந்ததை உணவகக் குசினியில், கையில் சவர்க்கார நுரையோடு தொலைபேசியில் கேட்டேன். அவள் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் முளைத்தது, விழுந்து அடிபட்டது எல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் வந்தன. “ஆர் எங்களுக்கு இப்பிடிச் செய்தது?” என்று மனைவி ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். “ஆரோ” என்பேன். நண்பன் என்று அவளிடம் அத்தனை தரம் புகழ்ந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று வருடத்தில் செலக்டர் அண்ணையை நான் இரண்டு தரம் வழியில் கண்டேன். இரண்டு தரமும் அவர்தான் முதலில் கதைத்தார். “நான் உன்ரை நன்மைக்குத்தானே செய்தனான், இல்லாட்டி உன்னைக் கள்ளன் எண்டெல்லோ சொல்லியிருப்பாங்கள்.” நான் பஸ் ஏறினேன்.

கடைசியில், இத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்தவன் என்று பார்த்து, பெயரைத் திருத்தி இருக்க விட்டார்கள். அவளும் மகளும் ஒரு வைகாசி மாதம் சூரிச்சில் வந்திறங்கினார்கள். மகளுக்கு மூன்றரை வயது. என்னை வெறித்துப் பார்த்துவிட்டுத் தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் நான் இருக்கும் அறைக்கு அவள் வரமாட்டாள்.

ஐந்தாம் நாள் செலக்டர் அண்ணை கதவைத் தட்டினார். மனைவிக்கு அவரின் முகம் தெரியாது, அவர் செய்ததும் தெரியாது. ஊர்க்காரர், அண்ணனோடு படித்தவர் என்று அவர் சொன்னதும் வாயெல்லாம் பல்லாக உள்ளே கூப்பிட்டாள். அவர் நேரே குசினிக்குப் போனார். அவளுடைய வடையைப் புகழ்ந்தார். மகளை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், எந்த டொக்டர் நல்லவர் என்றெல்லாம் விளங்கப்படுத்தினார். தேத்தண்ணி குடித்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், நான் கொப்பியில் ஏறிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி பாதியாகியதும் என் பக்கம் திரும்பினார்.

“இந்த முறை நடுவிலை ஆளில்லையடா. ரெனான் பெடியன் ஓடுறான், பந்து போட ஒருத்தனுமில்லை. உனக்கு இப்ப பேரும் சரி வந்திட்டுது. இனி ஒருத்தனும் புரட்டெஸ்ட் பண்ண ஏலாது.”

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் என்னைக் கொன்றது. மூன்று வருடத்தில் அந்த மனிதருக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒரு சிக்கல் இருந்தது, தீர்ந்துவிட்டது. நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “எழும்புங்கோ அண்ணை” என்றேன். அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, படியில் இறங்கிப் போனார்.

மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. “வீட்டுக்கு வந்த மனிசனை இப்பிடியோ கலைக்கிறது? என்ன பழக்கம் இது?” அன்றைக்குத்தான் அவளுக்கு எல்லாம் சொன்னேன். புரட்டெஸ்ட், கூடாரத்துக்குப் பின்னால் அவர் சொன்ன ‘ஓம்’, கடிதம், ஒலிபெருக்கி. எவ்வளவு நம்பினேன், எப்படிக் கழுத்தறுத்தான் என்று ஆத்திரம் தீரச் சொன்னேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். அவளும் என்னோடு சேர்ந்து அந்த மனிதரைத் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

“மைக்கிலை பேரைச் சொன்ன பிறகு,” என்றாள், “நீங்கள் என்ன செய்தனீங்கள்? வீட்டை வந்தனீங்களோ?”

“இல்லை.”

“இறங்கி விளையாடினனீங்களோ?”

மகள் கதவோரம் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம்” என்றேன்.