எண்ணெய் டின்னோடு கோல்ஃப் ஆடப் போனோம்

பேரன் கோல்ஃப் ஆட மெட்ராஸ் பக்கம் கடற்கரைக்குப் போகிறானாம். திருப்பதி வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. சாப்பிடும்போதும் போனில் படம் காட்டுகிறான். கடலோரத்தில் இருந்த பழைய மைதானத்தை உடைத்துப் புதிதாக வடிவமைத்திருக்கிறார்களாம். மணல்மேடு, காட்டுப்புல், அந்தப் பக்கம் கடல். "லிங்க்ஸ் கோர்ஸ் தாத்தா. மரமே இருக்காது. காத்தோடதான் சண்டை" என்கிறான். எந்த ஓட்டல், எந்தக் கையுறை, காற்று எப்போது அடங்கும் என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறான். தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆடப் போகிறவன் போகவேண்டியதுதானே? வாசலில் அவன் பைக்குக்கு ஆயில் மாற்ற வந்த மெக்கானிக் பழைய எண்ணெயைத் தட்டில் வடித்தார். அந்தக் கருப்பு வாடை உள்ளே வந்ததும் எரிச்சல் அடங்கிவிட்டது. உங்களுக்குக் கோல்ஃப் என்றால் பச்சைப் புல் ஞாபகம் வரும். எனக்கு லாரி எண்ணெய் வாடைதான் வரும்.

நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. ஆந்திரா தனி ராஜ்ஜியமான புதிது. எந்த ஊர் யாருக்கு என்று தீராமல் அடித்துக்கொண்டிருந்த காலம். அப்போது சித்தூரில் நாங்கள் மூன்று பேர் கோல்ஃப் ஆடினோம். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எபினேசர் மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். சுப்பாரெட்டி பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் மகன், அப்பாவின் லாரியை ஓட்டுகிறவன். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் தன் மட்டைப் பையை எபினேசருக்குக் கொடுத்து, ஆட்டத்தையும் அரைகுறையாகக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த அரைகுறைதான் எங்கள் சட்டம்.

மைதானம் எது தெரியுமா? கங்காதர நெல்லூர் போகிற சாலையில் இருந்த ஒரு ஏரி. கோடையில் தண்ணீர் வற்றினால் மைதானம் பிறக்கும், மழை பெய்தால் செத்துப்போகும். வருஷா வருஷம் குழிகளைப் புதிதாகத் தோண்டுவோம். பேரன் வாய் வலிக்கச் சொல்கிற மறுவடிவமைப்பை நாங்கள் கடப்பாரையால் செய்தோம். யாரும் வந்து படம் எடுக்கவில்லை.

புல் என்ற பேச்சே கிடையாது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆளுக்கொரு தேங்காய்நார் மிதியடித் துண்டு வைத்திருப்போம். பந்தை அதன் மேல் வைத்து அடித்தால் 'டக்'கென்று ஏரி முழுக்கக் கேட்கும். குழியைச் சுற்றி மணல் கொட்டி, அது பறக்காமலிருக்க லாரியின் கழிவு எண்ணெயை ஊற்றிக் கோணிப்பையை இழுத்துச் சமப்படுத்துவோம். எண்ணெய் சுப்பாரெட்டியின் உபயம். என் வேட்டியைப் பார்த்து அம்மா கேட்பாள்: "நீ ஆபீசுக்குப் போய்க்கினு இருக்கியா, லாரிக்கு அடியில பட்துக்கினு இருக்கியா?"

எல்லைச் சண்டை டீக்கடைவரை வந்திருந்தது. தமிழ்க்காரன் ஒரு பெஞ்சு, தெலுங்குக்காரன் ஒரு பெஞ்சு. நானும் சுப்பாரெட்டியும் ஏரியில் மட்டையைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுவோம்.

"சித்தூரு இன்னா உங்க தாத்தா சொத்தா?" என்பேன்.

"அவுனுரா, ஆமாண்டா. போயி ரிஜிஸ்டர் ஆபீசுல பாத்துக்கோ" என்பான்.

"சித்தூரு யாருக்குப் போனா நமக்கின்னா? மழ வரதுக்குள்ள குழியத் தோண்டுங்கடா" என்பான் எபினேசர்.

அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. புல் மேல் பந்தை வைத்து ஒரு தடவை அடிக்க வேண்டும். நாராயணவனத்தில் நிலம் வாங்க வேண்டும், பெரிய டாக்டராக வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஒரே ஒரு அடி. "எப்பிடிடா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்தச் சமயத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார் ஒரு மேஸ்திரி. மெட்ராஸ் பக்கம் கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கோல்ஃப் மைதானத்தைப் புதிதாக வெட்டித் திருத்துகிற வேலையில் இருந்தவர். எபினேசர் அவரைக் கவனித்த கவனிப்பில் மற்ற நோயாளிகளுக்குப் பொறாமையே வந்திருக்கும். "தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம வந்துடுங்க. தொறந்துட்டா உங்கள மாதிரி ஆளுங்கள உள்ள வுட மாட்டாங்க" என்றார் மேஸ்திரி. பூசி மெழுகாமல் பேசுகிற ஆள், எனக்குப் பிடித்துப்போனது.

கோடை முழுக்கத் திட்டம் போட்டோம். எபினேசரின் அப்பா, "சர்ச்சுக்குப் போகாம மணல்ல பந்தடிக்கப் போறியா?" என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். சுப்பாரெட்டி மெட்ராஸுக்கு மாம்பழ லோடு ஏற்றிக்கொள்வதாகவும், வழியில் கடற்கரைக்குத் திருப்புவதாகவும் ஏற்பாடு. என்ன எடுத்துப்போவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மிதியடி, கோணிப்பை, எண்ணெய். "சமுத்திரத்தாண்ட மணலு ஜாஸ்தி. எண்ணயும் ஜாஸ்தி வேணும்" என்று சுப்பாரெட்டி பெரிய டின்னாகவே எடுத்து வைத்தான். நானும் தலையாட்டினேன். புல் வளர்கிற இடத்தில் எண்ணெய்க்கு வேலையில்லை என்று எங்கள் மூன்று மண்டையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

நாகலாபுரம் தாண்டி, ஊத்துக்கோட்டைக்குச் சற்று முன்னால் புது எல்லை. குறுக்கே மூங்கில் தடுப்பு. அங்கே நின்ற மெட்ராஸ் போலீஸ் ஏட்டு லாரியில் ஏறிப் பார்த்தார். மாம்பழக் கூடைகளுக்கு நடுவில் இரும்பு மட்டைகள், எண்ணெய் டின், கோணி. இறங்கி வந்து நிதானமாகக் கேட்டார்:

"யாரு வூட்டக் கொளுத்தப் போறீங்க?"

"கோல்ஃப் ஆடப் போறோம்" என்றேன்.

"இன்னாது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாங்க இன்னா ரவுடியா?" என்று கத்தினேன். எபினேசர் என் இடுப்பைக் கிள்ளினான்.

"நீ இன்னா, தமிழா?"

"ஆமா."

"அவுரு?"

"தெலுங்கு."

"ஏன்யா, அப்ப ரெண்டு பேரும் சேந்து யார எரிக்கப் போறீங்க? ஏதாவது ஒரு கட்சிய சொன்னாதானே நான் எழுத முடியும்?"

அவர் மேல் தப்பில்லை. அந்த வருஷம் ஒரே லாரியில் ஒரு தமிழனும் ஒரு தெலுங்கனும் சண்டையில்லாமல் உட்கார்ந்து வந்தால் அதுதான் சந்தேகத்துக்குரிய விஷயம். இன்ஸ்பெக்டர் வரும்வரை நகரக்கூடாது என்றுவிட்டார். வெயில் ஏறியது. கூடையில் பழம் கனிந்து வாடை தூக்கியது. "லோடு போச்சுன்னா எங்க நைனா என் தோல உரிச்சுடுவாரு" என்று சுப்பாரெட்டி புலம்பினான். எபினேசர் மட்டும் கடல் இருக்கிற கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சி வேளையில் ஏட்டுக்கே பொழுது போகவில்லை. "எங்க, உன் ஆட்டத்தக் காட்டு பாக்கலாம்" என்றார். எபினேசர் ரோட்டில் மிதியடியைப் போட்டு, பந்தை வைத்து அடித்தான். 'டக்'. பந்து தடுப்புக்கு மேலே பறந்து, அந்தப் பக்கம் கால்வாய்க் கரையில் போய் விழுந்தது.

"எங்கய்யா போச்சு?"

"உங்க ராஜ்ஜியத்துக்கு. எங்களத்தான் வுடல, அதாவது போவட்டும்" என்றான் சுப்பாரெட்டி.

ஏட்டு சிரித்துவிட்டார். தடுப்பைத் தூக்கினார். "நீ மட்டும் போய் எடுத்துக்கினு வா. ஓடின, தொலச்சுடுவேன்."

எபினேசர் மட்டையோடு போனான். கால்வாய்க் கரையில் கோரையும் அறுகும் பச்சையாக மண்டியிருந்தது. பந்தை எடுக்கக் குனிவான் என்று பார்த்தால் குனியவில்லை. அப்படியே நின்றான். எங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு காலை அகட்டி வைத்து மட்டையை ஓங்கினான்.

பந்து எங்கள் தலைக்கு மேலே போய் ஆந்திராவில் வேலிகாத்தான் புதரில் விழுந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவன் மெதுவாக நடந்து வந்தான். சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டக்கூட இல்லை.

"எப்பிடிடா இருந்துச்சி?"

"சத்தமே இல்லடா" என்றான். "வார்டுல யாரையும் எழுப்பாம எழுந்து போற மாதிரி."

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். எண்ணெய் டின்னை மட்டும் வைத்துக்கொண்டு, வந்த வழியே போகச் சொன்னார். கனிந்த பழத்தைப் புத்தூரில் வந்த விலைக்குத் தள்ளினோம். சுப்பாரெட்டியின் தோல் நிஜமாகவே உரிந்தது. அடுத்த மாதம் அந்த மைதானத்தைத் திறந்தார்கள். மேஸ்திரி சொன்னது சரி, எங்களை உள்ளே விடவில்லை.

அப்புறம் எல்லையும் தீர்ந்தது. திருத்தணி அங்கே போனது, சித்தூரும் நகரியும் இங்கேயே நின்றன. அவ்வளவு கத்தினோமே, ஒருவர் வந்து எங்களைக் கேட்டிருப்பாரா? எபினேசர் வேலூர் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டான். சுப்பாரெட்டியும் இல்லை. ஏரியில் பிளாட் போட்டு வீடு கட்டி, நடுவில் ஒரு கல்யாண மண்டபமும் வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே மழைக்குத் தண்ணீரும் இல்லை, கோடைக்குக் குழியும் இல்லை.

நேற்று பேரன், "நீயும் வர்றியா தாத்தா?" என்று கேட்டான். வருகிறேன் என்றேன். நாகலாபுரம் தாண்டி, தடுப்பு இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தவேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. அவன் போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். தடுப்பு இல்லை, சாவடி இல்லை, கால்வாய் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"அங்க ஒண்ணுமே இல்லியே தாத்தா. எதுக்கு நிறுத்தணும்?"

"புல்லு இருக்குதா பாரு" என்றேன்.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இல்ல. எல்லாம் சிமெண்டு."