வெறும் தண்ணீரில் ஏறிய எண்

பல் பிடுங்குவதற்கு முன் ஈறை மரத்துப்போக வைக்கிற ஊசி மருந்து இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றோடுதான் எனக்குச் சில வருடங்களாகக் குடித்தனம். உடம்பில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் உப்புகளோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. கரைசலில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து பார்ப்போம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்தவள் நான். இனிமேல் கால நீட்டிப்பு கிடையாது என்று இங்கே சிங்கப்பூரில் என் பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கடைசிச் சில அளவுகள் மட்டுமே பாக்கி. அந்த நேரம் பார்த்தா இப்படி ஆக வேண்டும்? அளக்கும் கருவியில் ஓரிடத்தில் நிற்க வேண்டிய எண் மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது. மருந்து தண்ணீரில் சிதைகிறதோ என்று பேராசிரியர் சந்தேகப்பட்டார். அப்படியானால் பழைய அளவுகளையும் நம்ப முடியாது, பட்டமும் அவ்வளவுதான். வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். என் கணவர் மட்டும் எதுவுமே பேசவில்லை. விட்டுத் தொலை என்று மனதுக்குள் நினைக்கிறார் போல என்று அதற்கும் கோபப்பட்டேன்.

ஆய்வகத்தில் என் மேசையிலேயே வேலை செய்யும் பெண்ணோடு ஃபேரர் பார்க் பக்கத்துக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே புலம்பினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"அக்கா, மருந்தே போடாம வெறும் தண்ணிய வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பாதித் தோசையில் எழுந்து அவளோடு ஆய்வகத்துக்கு ஓடினேன்.

வெறும் தண்ணீரிலும் எண் ஏறியது. அதில் சிதைவதற்கு என்ன இருக்கிறது? அப்போதுதான் கரைசல் வைக்கும் கண்ணாடி முகவையை ஒழுங்காகப் பார்த்தோம். மின்சாரம் அளக்கும் கருவியின் முனையும் அமிலத்தன்மை பார்க்கும் கண்ணாடிக் குழாயும் ஒன்றாக முங்கியிருந்தன. கொஞ்ச நாளுக்கு முன்தான் ஆய்வகம் புது அறைக்கு மாறியிருந்தது, அங்கே மேசை சின்னது. அதனால் இரண்டையும் ஒரே முகவையில் விடுவது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தக் குழாய்க்குள் இருப்பதோ பொட்டாசியம் உப்புக் கரைசல். நுனி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும், தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரமும் கூடுதலாகப் பாயும். அந்தக் கசிவைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம்!

குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்த மருந்துக் கரைசலை வைத்தோம். எண் அசையாமல் நின்றது. பழைய அறையில் தனித்தனி முகவைகளில்தான் அளந்திருந்தோம், அந்த அளவுகளுக்கு ஒரு குறையும் இல்லை. பேராசிரியர் வந்து பார்த்தார். மீதி அளவுகளையும் எடுத்து ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்றார். அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, தெம்பனிஸ் போகும் ரயிலில் இருந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"மருந்து கெடலைங்க. முடிச்சிடலாம்."

"நல்லவேளை லா," என்றார். "எல்லாம் போச்சுன்னு நீ வந்து நின்னா என்ன சொல்லித் தேத்துறதுன்னு தெரியாமத்தான் வாயே தொறக்கல."

ரயில் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.