நிலா வண்டியை ஓட்டியவன்

இது நடந்தது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பேய் என்றால் ராத்திரிதான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்போது கிரிமியாவில் பட்டப்பகல், மதியம் மணி 1.04.

நிலாவில் எங்கள் எட்டுச் சக்கர வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத வண்டி. சிம்ஃபெரோபோலுக்கு வெளியே, ஜன்னல் இல்லாத கூடத்தில் உட்கார்ந்து அதை ஓட்டினோம். ஓட்டுநர் அர்கீப். ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்பவன் நான், கிளிம். எங்களுக்குப் பின்னால் தலைவர் யெஃபிம் சவேல்யெவிச்.

ஓட்டுபவன் மார்பில் நாடிப் பட்டை கட்ட வேண்டும் என்பது விதி. அடுத்த அறையில் டாக்டர் ரயீசா அவன் நாடியைக் காகிதச் சுருளில் பார்த்துக்கொண்டிருப்பார். அர்கீப்புக்கு இதயம் சரியில்லை. தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வண்டியை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் இல்லை. அதனால் இரண்டு வாரமாகப் பட்டையை என் சட்டைக்குள் நான் கட்டிக்கொண்டேன்; வேலை முடிந்ததும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். டாக்டர் பார்த்ததெல்லாம் என் நாடியை.

அன்று 1.04க்கு அர்கீப் வந்து உட்கார்ந்தான். தேநீர் நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னடா, ராத்திரி பூரா வோட்காவோட குடித்தனமா?" என்றார் யெஃபிம்.

வழக்கமாக அவன் பதிலுக்குப் பதில் கொடுப்பான். அன்று, "வண்டியக் குடுங்க," என்றான். அவ்வளவுதான்.

வண்டி பள்ளத்துக்குள் மாட்டியிருந்தது. அங்கே சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. 2.50க்கு நிலா எங்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதற்குள் மேலே ஏற்றி, உள்ளே இருக்கும் சூடு போகாதபடி வண்டியின் மூடியைச் சாத்தியாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு வாரம் நீளும் நிலா இரவின் குளிரில் வண்டி செத்துப்போகும்.

கட்டளை அங்கே போய்ப் பதில் திரும்ப மூன்று விநாடியாவது ஆகும். அதை யாராலும் குறைக்க முடியாது.

1.31. "முன்னால. ரெண்டு மீட்டர்," என்றார் யெஃபிம். அர்கீப் நெம்புகோலைத் தள்ளினான். வண்டியின் சக்கரங்கள் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் முள் துள்ளியது.

உடனே.

"கிளிம், ஆன்டெனாவப் பாரு. ஏதோ தப்பா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு, யெஃபிம் சவேல்யெவிச்."

சரியாகத்தான் இருந்தது...

2.10. முள் முதலில் துள்ளியது. அதற்கப்புறம்தான் அர்கீப்பின் கை நகர்ந்தது.

"அர்கீப்... நீதான ஓட்டுற?"

"பேசாத. சறுக்கும்."

உதடு அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவன் பக்கமிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரம். டிக்... டிக்... டிக்...

2.44. வண்டி மேலே வந்தது. மூடி சாத்திக்கொண்டது.

"அடேய், தங்கக் கைடா உனக்கு!" யெஃபிம் அவன் தோளைத் தட்டினார்.

அர்கீப் பக்கவாட்டில் விழுந்தான். முழங்கால் மடங்கியது மடங்கியபடியே. உட்கார்ந்த வடிவத்திலேயே.

"உயிர் இல்ல..." என்றார் யெஃபிம்.

ரயீசா சுருளோடு ஓடிவந்தார். "என்ன உளர்றீங்க? இப்பகூட நூத்திப்பத்து அடிக்குது!"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.

மறுநாள் பிணவறையிலிருந்து தாள் வந்தது. இறந்தது முந்தின நாள் விடிகாலை நாலு மணிக்கு முன்னால்.

ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி மேலே ஏறிய அன்று காலை எட்டரைக்குப் பட்டையை எடுக்க விடுதியில் அவன் அறைக்குப் போயிருந்தேன். அது தலையணைக்கு அடியில் இருந்தது. அவன் தலையைத் தூக்கினேன். கனத்தது. கழுத்து வளையவில்லை.

அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.