அக்காவின் சந்தேகமும் எங்கள் ஏரிக் கால்வாயும்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் என் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி மிகைப்படுத்தி எழுத எனக்குப் பயம். இருந்திருந்தால், "இதை யார் பார்த்தது?" என்று கேட்டிருப்பார்.

மாநில எல்லையை ஒட்டிய தளிக்கு அருகே பிறந்தோம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். அக்கா கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். பீன்ஸ் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, படிப்பையும் முடித்து, அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆனார். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவரும் அவரே. திருமணத்துக்குப் பின் ஓசூருக்கு வெளியே உள்ள மாமாவின் ஊருக்கு வந்தார். அதே ஊர் எல்லையில் இருந்த தொழிற்சாலையில் எனக்கும் வேலை கிடைத்ததால், நானும் அங்கேயே குடியேறினேன்.

ஐந்தாண்டுத் திட்டங்களை அக்கா நடத்தும் விதம் தனி என்று மாணவர்கள் சொல்வார்கள். தொடக்கக் காலத் திட்டங்களில் ஆறு என்றால் மின்சாரம், காடு என்றால் மரம். நான்காம் திட்டத்தில்தான் சுற்றுச்சூழலைப் பற்றித் தெளிவாகப் பேசினார்கள். ஆறாம் திட்டத்தில் அதற்குத் தனி அத்தியாயமே வந்தது. பிறகு 'நீடித்த வளர்ச்சி' என்றார்கள். கடைசியில் திட்டக்குழுவையே கலைத்துவிட்டு வேறு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இத்தனையும் சொல்லி முடித்து, "அத்தியாயம் வந்துடுச்சு, சரி. ஆத்துக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்பாராம். தேர்வில் அந்தக் கேள்வி வராது என்றும் அவரே சொல்லிவிடுவாராம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தொழிற்சாலையை விரிவாக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தல், பிரியாணிப் பொட்டலம், திரையில் பச்சைப் பசேலென்று படங்கள். பேசியவர்களில் பலரும் பிள்ளைகளுக்கு வேலை கேட்டார்கள். அக்கா ஒலிவாங்கியை வாங்கி, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டார். ஒரு சொட்டுகூட வெளியே வராது என்றார் நிர்வாகத்தின் அதிகாரி. அப்படியானால் மழைக்காலத்தில் ஏரிக் கால்வாயில் நுரை ஏன் என்றதற்கு, அது மாநில எல்லைக்கு அப்பாலிருந்து ஆற்றில் வருவது என்றார். எங்கள் ஏரிக்கு ஆற்றுத் தண்ணீர் வருவதே இல்லை. அக்கா அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே எனக்கு மேற்பார்வையாளர் பதவி உயர்வு வந்தது. இனிப்போடு போனேன். அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "நீ உழைச்சவன், வேணாம்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா இத்தனை வருசம் வராதது இந்த வாரம் ஏன் வந்துச்சுன்னு மட்டும் யோசி" என்றார். யோசித்தேன். பதவியையும் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த பெருமழையில் அக்காவும் மாமாவும் குடையோடு கால்வாய்க்குப் போனார்கள். தண்ணீர் வரும் திசையில், தொழிற்சாலை மதிலுக்கு மேற்புறம், வெறும் செம்மண் தண்ணீர். கீழ்ப்புறம் முழங்கால் அளவு நுரை. இருபுறமும் பாட்டிலில் பிடித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தார்கள். பலமுறை அலைந்த பிறகு ஓர் அதிகாரி நேரில் வந்தார். மதிலடியில் ஒரு குழாய் இருந்தது. பழைய மழைநீர்க் குழாய், மறந்துபோயிற்று என்று நிர்வாகம் சொன்னது. குழாயை அடைத்தார்கள். சில வாரங்களில் என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் மாதந்தோறும் ஏரித் தண்ணீரின் பரிசோதனை முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அது அக்காவால் வந்தது. அதையும் அவர் நம்பவில்லை. மூன்று மாதமாக ஒரே எண்கள் இருப்பதைக் கண்டு, "தண்ணிகூட மனப்பாடம் பண்ணிட்டு வந்து பதில் சொல்லுதே" என்றார். அவர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிய பிறகு எண்கள் மாறத் தொடங்கின.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, எல்லாம் அந்தத் தண்ணீரால்தான் என்று உறவினர்கள் பேசினார்கள். நானும் பேசினேன். கோபத்தில் தொழிற்சாலை வாசலுக்கே போகத் துணிந்தேன். பெங்களூரு மருத்துவமனைப் படுக்கையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியுமா உனக்கு? சந்தேகம் வேற, தெரியறது வேற. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா, அவங்களுக்கும் நமக்கும் என்னடா வித்தியாசம்?" என்றார். அதன் பிறகு அவரால் அதிகம் பேச முடியவில்லை. மாமா அருகில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அந்நாட்களில் ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், சாப்பாடு சுமந்து வந்த மத்திகிரி உறவினர் வீட்டாருக்கும், உடலைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மலர்வளையம் அனுப்பிய தொழிற்சாலை நிர்வாகத்துக்கும் நன்றி. அக்கா பெயரில் ஏரிக்கரையில் மரக்கன்றுகள் நடலாமா என்று கேட்டிருந்தார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள் என்று மாமா கேட்டனுப்பினார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.