மயில்கழுத்து நிறப் பாவு

அடுத்த சந்தில் இருந்த ஒரு நெசவாளர் வீட்டை நான் கும்பலுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒரு வீடியோவின் கீழே, பொய்ப்பெயரில், இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த வீட்டுப் பையன் என்னிடம் இயற்பியல் படித்தவன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, அப்பாவின் தறிக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோவில் கிரிப்டோ பற்றிப் பேசுவான். "பேங்க் வேணாம், ஆபீசர் வேணாம்பா. நம்ம காசுக்கு நாமதான் ராஜா." குரலை வைத்தே அவனைத் தெரிந்துகொண்டேன். ஆயிரக்கணக்கானவர்கள் "தலைவா" என்று கொண்டாடினார்கள். நானும் பாராட்டி எழுதினேன்; ஒரு பைசா போடவில்லை. எனக்கு விழுந்த லைக்குகளே போதுமாக இருந்தன. ஓய்வு பெற்றபின் என் பேச்சை அத்தனை பேர் கேட்டதில்லை.

அவன் வாங்கச் சொன்ன கிரிப்டோ நாணயம் விலை சரிந்தது. தலைவா என்றவர்களே, "திருட்டு நாயே, மூஞ்சியக் காட்டுடா" என்றார்கள். என் பழைய பாராட்டைத் தோண்டியெடுத்து, "இந்தாளும் கூட்டுதான்" என்றான் ஒருவன். பயந்தேன். மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற கர்வமும் இருந்தது. எழுதினேன்: "பின்னால் தறியில் மயில்கழுத்து நிறப் பாவு தெரிகிறதே, அது பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. குளத்துக்குப் பின்சந்து, பச்சைக் கதவு." அன்று விழுந்த அளவுக்கு லைக்குகள் அதற்குமுன் விழுந்ததே இல்லை.

பட்டப்பகலில் வந்தார்கள். பையன் அகப்படவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலைக் குறுக்கே அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். செய்தி எட்டியதோ என்னவோ, பையன் அன்றிலிருந்து வீடு திரும்பவில்லை. நான் எழுதியதை அழித்தேன். அதற்குள் அது படமாகி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். "நான்தாம்பா எழுதினேன்" என்றேன்.

அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்த பையனின் அப்பா நிமிரவில்லை. "தெரியும் சார். அந்தப் பாவு ஏத்தினப்புறம் உள்ள வந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். கலர் நல்லாக்குதுபான்னு தொட்டுப் பாத்தீங்களே."

"ஏம்பா என்னைக் கேக்கல?"

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. "கேட்டா தெருவுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் உங்க வூட்டுக்கு வருவானுங்க. எங்களுக்கு ஆனது போதும்னு வுட்டுட்டோம். எம்புள்ளைய மட்டும் வரச்சொல்லுங்க சார்."

வீட்டுக்கு வந்து, அதே வீடியோவின் கீழே, சொந்தப் பெயரில் எழுதினேன்: "முகவரி கொடுத்தது இவனுடைய பழைய வாத்தியாரான நான்தான். அந்தக் குடும்பத்தை விட்டுவிடுங்கள். தம்பி, நீ வீட்டுக்கு வா."

முதலில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. பிறகு ஒருவன், "வாத்தியார் வூடு எங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டான். பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. நான் எதையும் அழிக்கவில்லை. பையன் ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பானா என்று ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். இன்னும் இல்லை.

என் வாசல் கேட்டின் நிறத்தை ஒருவர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.