விளையாடாதவர் பட்டியல்

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது என் மூளையை ஒருமுறை அளந்து பார்த்தார்கள். அளந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. உடற்கல்வியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். விளையாடுகிற பிள்ளைகளுக்கு மூளை சுறுசுறுப்பு, அதனால் கை சட்டென்று அசையும். விளையாடாத பிள்ளைகள் மந்தம். இதை நிரூபிப்பதற்காகத் திண்டிவனத்திலிருந்து ஒரு பெட்டியோடு பஸ் ஏறி, கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளிக்கு வந்து இறங்கினார். பட்டம் வாங்கிய பிறகுதான் கல்யாணம் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஆகவே மாமா அவசரத்தில் இருந்தார்.

விளையாடுபவர் பதினைந்து பேர், விளையாடாதவர் பதினைந்து பேர். பத்தாம் வகுப்பிலிருந்த அக்கா கோ-கோ அணியின் தலைவி. அவள் பெயர் முதல் பட்டியலில் முதலாவதாக இருந்தது. என்னைக் கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாவதில் போட்டார் மாமா. எனக்கு ஓட வராது என்பது எனக்கும் தெரியும்தான். அதைத் தாளில் எழுதி முப்பது பேர் எதிரில் வாசிக்க வேண்டுமா? அழுகையே வந்துவிட்டது.

வயர் வைத்த தொப்பியைத் தலையில் மாட்டுவார்கள், எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று மாமா மூன்று நாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். யார் கேட்டார்கள்? தலையைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும் ஊரிலுள்ள அம்மாக்கள் எல்லோரும் வழக்கத்தைவிட ஒரு கை கூடவே எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பியிருந்தார்கள். எங்கள் அம்மாவும்தான். தொப்பியை மாட்டியதும் திரையில் கோடுகள் தாறுமாறாக ஓடின. மாமா கடைக்கு ஓடி ஷாம்பு பாக்கெட் சரம் ஒன்றை வாங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டியருகே தலை அலசிவிட்டு, முடியை விரித்துப் போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

"இத்தினி பாஞ்சாலிய நான் கூத்துலகூட பாத்ததில்ல" என்றார் பி.டி. டீச்சர்.

சோதனை சாதாரணமானது. திரையில் சிவப்பு வட்டம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். எனக்குப் பயமே இல்லை. வீட்டில் இரண்டு வேளையும் பால் காய்ச்சும்போது அடுப்பருகில் நிற்பது என் வேலை. கதைப் புத்தகத்தில் ஒரு கண், பாலில் ஒரு கண். நுரை விளிம்புக்கு ஏறும்போது டக்கென்று அணைப்பேன். ஒரு சொட்டு வழிந்தாலும் அம்மா புத்தகத்தைப் பிடுங்கிவிடுவாள். அதற்குப் பயந்தே ஒரு சொட்டும் வழிய விட்டதில்லை. இந்த வட்டம் எம்மாத்திரம்?

மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி பண்ணு" என்றார். பண்ணினேன். மூன்றாவது முறையும் பண்ணச் சொன்னார். அவர் முகம் வாடிப்போனது.

எல்லோரும் போன பிறகு மாமாவும் அக்காவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும் நிறுத்திக்கொண்டார்கள். மாமா என் தாளை எடுத்து, மேலே இருந்த 'விளையாடாதவர்' என்பதை அடித்துவிட்டு 'விளையாடுபவர்' என்று எழுதினார்.

"தோ பாரு பாப்பா, உன்ன தப்பா எழுதிட்டேன். நீ ப்ளேயருதான்."

"அக்கா மாதிரியா மாமா?"

"அக்கா மாதிரிதான்."

அக்கா சிரித்தாள். மாமா இன்னொரு தாளிலும் எதையோ அடித்துத் திருத்தினார். நான் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மாலை நேராக மைதானத்துக்குப் போய், "எங்க மாமாவே எழுதிட்டாரு டீச்சர்" என்று பி.டி. டீச்சர் முன் நின்றேன். முதல் ஆட்டத்தில் மூன்று எட்டு ஓடியதும் அவுட். ஆனாலும் விடவில்லை. பத்தாம் வகுப்புவரை விளையாடி, மாற்று ஆட்டக்காரியாக ஒரே ஒரு சான்றிதழ் வாங்கினேன். அந்தப் பெரிய விளையாட்டு வாழ்க்கை அதோடு முடிந்தது. இப்போது விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் ஓடுகிறேன். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மாமாவுக்குப் பட்டமும் கிடைத்தது, பெண்ணும் கிடைத்தார். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அந்த ஆராய்ச்சிப் புத்தகம் கண்ணில் பட்டது. மாமா பையன் அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிப் புரட்டினேன். எதிர்பார்த்தபடியே விளையாடுபவர்கள் வேகமானவர்கள் என்றிருந்தது. "இதுல நானும் ஒருத்தி" என்று பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"நானுந்தான் இருக்கேன், வெளையாடாதவங்க லிஸ்ட்டுல" என்றாள் அக்கா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கோ-கோல எவளாச்சும் முதுகுல தட்டி 'கோ'ன்னா எழுந்து ஓடுவேன். அந்த வட்டத்த பாத்துக்கினு குந்தியிருந்தா எனக்குத் தூக்கந்தான் வந்துச்சி. நீ என்னடான்னா எல்லாரையும் முந்திட்ட. மாமா பாவம், ரெண்டு பேரு தாளையும் மாத்திக்கட்டுமான்னு கேட்டாரு. மாத்திக்க மாமா, அவளுக்கும் ஆசையா இருக்குதுன்னேன்."

"உனக்குக் கஷ்டமா இல்லியாக்கா?"

"எனக்கு என்னா? நாந்தான் ஓடிக்கினே இருந்தனே" என்று சொல்லிவிட்டு, உரித்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினாள்.

வட்டம் தெரிந்த நொடியில் பொத்தானை அழுத்தத் தெரிந்தவள் நான். அன்றைக்கு அக்கா எதற்காகச் சிரித்தாள் என்பது விளங்கப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது.