மூன்று இழுப்பு

பதினோரு வருஷம் நோரீனும் லூசியனும் ஒரே குழாயின் இரண்டு முனைகளில் வேலை பார்த்தார்கள். அமெரிக்காவின் வடக்கு மெய்னில், குளிர் புகும் வீடுகளை அரசாங்கச் செலவில் அடைத்துக் கொடுக்கிற வேலை. அவன் குழாயோடு கூரைக்கடியில் உள்ள பரணில் தவழ்வான். அவள் வெளியே வண்டியில் நின்று, பரணில் பரப்பிக் குளிரைத் தடுக்கும் காகிதப் பஞ்சை மூட்டை மூட்டையாக இயந்திரத்தில் கொட்டுவாள். அது போடுகிற இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் குழாயை இழுத்துத்தான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் அனுப்பு, இரண்டு என்றால் நிறுத்து. வேலை முடியும் நேரத்தில் லூசியன் சில நாள் மூன்று முறை இழுப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இரண்டு பேரும் தனிக்கட்டைதான், தடுக்க ஆளில்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

போன இலையுதிர்காலத்தில், தரச் சோதகர் சான்றிதழுக்குப் படிக்கப்போவதாகச் சொல்லி அவள் குழுவிலிருந்து விலகினாள். தான் வேலை செய்த வீட்டைத் தானே சோதிக்கக் கூடாது என்பது விதி.

"படி, படி. அப்புறம் என் வேலையிலேயே குத்தம் கண்டுபிடிக்க வருவியாக்கும்," என்றான் லூசியன்.

"விட்டுடுவேனா?"

சிரித்தார்கள். பிப்ரவரியில் அவன் நுரையீரல் கைவிட்டுவிட்டது. ஊரெல்லாம் வந்து போன அடக்கத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரலில் தேர்வு, வேலை முடிந்த ஒரு வீட்டைச் சோதித்துக் காட்ட வேண்டும். எத்தனையோ வீடு இருக்க, லூசியன் கடைசியாக அடைத்த வீடே அவளுக்கு வந்து வாய்த்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டேலின் வீடு. தேர்வு அதிகாரி ஹார்லன் பலகையில் தாளைச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீடு எவ்வளவு காற்றைக் கசியவிடுகிறது என்று அளந்தாள். அளவு சரியாகவே வந்தது.

"எல்லாம் சரிதான் நோரீன். ஆனா படுக்கையறையில மட்டும் தொப்பி போட்டுத்தான் தூங்குறேன்," என்றான் டேல். "பொண்டாட்டி கூடத்துக்குப் படுக்கப் போயிட்டா. குளிருக்குப் பயந்தா, என் குறட்டைக்குப் பயந்தான்னுதான் தெரியல."

பரண் வாயில் அட்டை தொங்கியது. தேதி, ஆழம், மூட்டை எண்ணிக்கை, கீழே லூசியனின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை அவன் எப்போதும்போல் நீட்டி இழுத்திருந்தான். நோரீன் கையுறையைக் கழற்றி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் தொட்டுப் பார்க்க அவன் விட்டுப்போனது உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஹார்லன் ஏணியில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார். பஞ்சின் ஆழம் காட்ட ஆங்காங்கே நட்டிருந்தவற்றில் அங்கிருந்து தெரிந்த அளவுகோல்கள் எல்லாம் பதினாறு அங்குலம் காட்டின. சரி என்று எழுதிவிட்டு இறங்கினால் கேட்பாரில்லை. குறை என்று எழுதினால் குழு வந்து மறுபடி அடைக்கும். இந்த அட்டையைக் கிழித்துப்போட்டு வேறொருவன் பெயரில் புதிது மாட்டும். அவளுக்கு டேலின் தொப்பி ஞாபகம் வந்தது. முகமூடியை இறுக்கிக்கொண்டு படுக்கையறைக்கு மேலே உள்ள மூலைக்குத் தவழ்ந்தாள்.

அங்கே பஞ்சு சரிந்து மெலிந்து கிடந்தது. லூசியன் தூரத்தில் இருந்தபடியே வீசியிருக்கிறான். உள்ளே தவழ அவனுக்கு மூச்சு இல்லை. கீழே அன்று நின்றவன் புது ஆள். தான் நின்றிருந்தால் மூட்டைக் கணக்கு உதைக்கும்போதே புரிந்திருக்கும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே ஓடி வந்திருப்பாள். அந்த இருட்டு மூலையில் அவளுக்கு அவன் வேண்டும்போல் இருந்தது. வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அளவைச் சொல்லுங்க," என்றார் ஹார்லன்.

"ஆறு அங்குலம். வேலை தேறல."

இறங்கியதும் அவர் அட்டையைக் கேட்டு வாங்கித் தாளோடு சேர்த்துக் குத்தினார். "நல்லாப் பாத்தீங்க. பாதிப் பேர் அந்த மூலைக்குப் போகமாட்டாங்க. கடைசியா ஒரு கேள்விதான் பாக்கி."

வேலை செய்தவருக்கும் சோதகருக்கும் ஏதாவது உறவு உண்டா என்று தாளின் கடைசி வரியில் கேட்டிருந்தது. நோரீன் பேனாவை வைத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

"மை வரலியா?" என்று ஹார்லன் தன் பேனாவை நீட்டினார்.

"வருது," என்று சொல்லிவிட்டு, "இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். அவர் அதற்கும் முழு மதிப்பெண் போட்டார்.